ஊர் திரும்பிய எலும்புகள்: கடல் கடந்த சீனரின் ஈமச் செலவும் அறச்சபைகளும்

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து செல்லும் மனிதன் இரண்டு கடன்களோடு கப்பல் ஏறுகிறான். ஒன்று, கப்பல் கட்டணத்திற்காக வாங்கிய கடன். உடல் உழைப்பால் சில ஆண்டுகளில் அதனை அடைத்துவிடலாம். மற்றொன்று, அயல் மண்ணில் உயிர் பிரிய நேர்ந்தால் உடலை எடுப்பவர் யார், இடும் இடம் எது, அதற்காகும் பொருளைத் தருபவர் யார் என்னும் கடன். இதனைப் பட்டவனே தீர்க்க இயலாது. உயிரோடிருக்கும் காலத்திலேயே பிறர் கையில் பொருளை ஒப்படைத்து, அவர்தம் சொல்லை நம்பிச் செல்ல வேண்டியவனாகிறான்.

குடிபெயர்ந்த மக்கள் எல்லாரும் இக்கேள்வியை எதிர்கொண்டவர்களே. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம், தென்சீனத்தின் குவாங்டுங் மாநிலத்தவர் இதற்குக் கண்ட விடை தனித்தன்மை உடையது. பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளையும் இணைத்து, இறந்தோரின் எலும்புகளைப் பிறந்த ஊருக்கே கொண்டு சேர்க்கும் ஓர் ஏற்பாட்டினை அவர்கள் உருவாக்கினர். அரசு எதுவும் அதனை நடத்தவில்லை. சிறு கட்டணங்களும் நன்கொடைகளும் அச்சிட்ட கணக்குப் புத்தகங்களுமே அதன் தூண்களாக நின்றன. அவ்வேற்பாடு எழுந்த விதத்தையும், இயங்கிய முறையையும், முடிவுற்ற காரணத்தையும் காண்பது, புலம்பெயர் வாழ்வின் ஆழத்தை அறியத் துணைபுரியும்.

எலும்பின் பெருமை

1848-இல் கலிஃபோர்னியாவிலும், 1851-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும், 1861-இல் நியூசிலாந்தின் ஓட்டாகோவிலும் பொன் கிடைத்த செய்தி முத்தாற்றுக் கழிமுகத்துச் சிற்றூர்களை எட்டியது. சான் பிரான்சிஸ்கோ அம்மக்களின் நாவில் பொன்மலையாயிற்று. பின்னர் ஆஸ்திரேலியா புதிய பொன்மலையாயிற்று. இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். குடியேறுவது அவர்களுள் பெரும்பாலோரின் நோக்கமன்று. பொருளீட்டித் திரும்பி, கடனடைத்து, நிலம் வாங்கி, குடும்பத்தோடு வாழ்வதே நோக்கம். ஆனால் சுரங்கச் சரிவும் நோயும் பனியும் வறுமையும் பலரை இடையிலேயே கொண்டு போயின.

உதிர்ந்த இலை வேரையே சேரும் என்பது சீனரிடையே வழங்கும் முதுமொழி. இறந்தவனுக்கு வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் படையலிட்டு வழிபட வேண்டும். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வரும் சிங் மிங் நாளில் கல்லறையைத் துப்புரவு செய்து ஊதுவத்தி ஏற்ற வேண்டும். படைப்பார் இல்லாத ஆவி பசித்த ஆவியாகி அலையும் என்பது நம்பிக்கை. ஆகவே, அயல்நாட்டில் கிடக்கும் கல்லறை இறந்தவனுக்கும் துன்பம், இருப்பவர்க்கும் பழி.

குவாங்டுங் மக்களின் வழக்கம் ஒன்று இவ்விடத்தில் கைகொடுத்தது. முதலில் உடலைப் பெட்டியில் வைத்துப் புதைப்பர். சில ஆண்டுகள் சென்றபின் குழியைத் திறந்து, எலும்புகளை எடுத்துத் தூய்மை செய்து, மட்கலத்தில் முறைப்படி அடுக்கி, நல்லிடம் பார்த்து மீண்டும் அடக்கம் செய்வர். உடல் அழிந்த பின் எலும்பைத் தனியே பேணி இடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும், எரியூட்டிய பின் அஸ்தியைச் சேகரித்து நீர்நிலை தேடிச் செல்லும் இன்றைய வழக்கையும் எண்ணிப் பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். முழு உடலைக் கடல் வழியே அனுப்புதல் செல்வர்க்கே இயலும். எலும்போ எடை குறைந்தது, அழுகாதது, சிறு பெட்டியில் அடங்குவது. இரண்டாம் அடக்கம் என்னும் பழைய வழக்கமே ஏழையின் உடலும் ஊர் திரும்ப வழிசெய்தது எனலாம்.

கட்டணமும் கப்பற்சீட்டும்

1850-களின் தொடக்கத்திலேயே சான் பிரான்சிஸ்கோவில் சீனர்கள் தத்தம் பிறந்த வட்டாரத்தின் அடிப்படையில் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். பின்னாளில் இவை ஒன்றிணைந்து இயங்கியபோது அமெரிக்கர்கள் அவற்றை ஆறு கம்பெனிகள் என்றழைத்தனர். புதிதாக வந்திறங்கியவனுக்குத் தங்க இடம் தருதல், வழக்குத் தீர்த்தல், நோயாளியைப் பேணுதல் ஆகியவற்றோடு இறந்தோரை அனுப்பும் பணியும் இவற்றைச் சார்ந்தே நடந்தது. வட்டாரச் சங்கங்களின் உள்ளேயே இப்பணிக்கெனத் தனி அறச்சபைகளும் தோன்றின. 1855-ஆம் ஆண்டிலேயே சன்னி சவுத் என்னும் கப்பல் 70 சீனரின் உடல்களை ஏற்றிச் சென்றதாகக் குறிப்பு உள்ளது.

இதற்கான பொருள் மூன்று வழிகளில் வந்தது. முதலாவது, சங்கத்தில் சேரும்போது உறுப்பினன் செலுத்திய கட்டணம். இரண்டாவது, வணிகர்கள் மனமுவந்து அளித்த நன்கொடை. மூன்றாவதே மிக வலுவானது: சீனம் திரும்புவோர் செலுத்த வேண்டிய புறப்பாட்டுக் கட்டணம். ஊருக்குத் திரும்புபவன் தன் கடன்களைத் தீர்த்துவிட்டான் என்றும், சங்கத்திற்குரிய தொகையைச் செலுத்திவிட்டான் என்றும் சான்றுச்சீட்டு பெற வேண்டும். அச்சீட்டு இல்லாதவர்க்குப் பயணச்சீட்டு வழங்குவதில்லை எனக் கப்பல் நிறுவனங்களோடு சங்கங்கள் உடன்பாடு செய்துகொண்டன.

இவ்வேற்பாட்டின் நுட்பம் நோக்கத்தக்கது. இறந்தவனிடம் கட்டணம் வசூலிக்க இயலாது. நாளைக்கு இறப்போம் என்றெண்ணி இன்று பணம் கட்டுவோரும் சிலரே. ஆனால் உயிரோடு ஊர் திரும்புபவன் பேறு பெற்றவன்; கையில் பொருளும் உடையவன். அவன் திரும்பும் தருணத்தில், திரும்ப முடியாமற் போன தன் ஊரானுக்காக ஒரு தொகை பெறப்பட்டது. பிழைத்தவன் இறந்தவனின் வழிச்செலவைக் கொடுத்தான். இன்றைய காப்பீட்டுக் கணக்கின் கரு இதனுள் அடங்கியிருக்கிறது.

இது அறமா, கட்டாய வரியா என்னும் வினா அன்றே எழுந்தது. சீனரை வெறுத்த அமெரிக்கர் இதனைப் பறிமுதல் என்றனர். சீனருள்ளும் மனக்குறை கொண்டோர் இருந்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் கப்பலேற முடியாதெனில் அது முழு விருப்பத்தின் பாற்பட்ட கொடை ஆகாது. எனினும், கட்டாயம் இல்லாதிருந்தால் வசதியுள்ளோரின் எலும்புகள் மட்டுமே ஊர் சேர்ந்திருக்கும் என்பதும் மறுக்கவொண்ணாதது. அறச்சபை ஆட்களை அனுப்பித் தன் வட்டாரத்தார் புதைக்கப்பட்ட இடங்களைத் தேடியபோது, கல்லறைக்குரியவன் பணம் கட்டியவனா என்பதைவிட எந்த ஊரான் என்பதே முதற் கேள்வியாயிற்று.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1872-இல் வெளியிட்ட தம் மேற்குப் பயண நூலில் இவ்வழக்கைக் குறிப்பிட்டுள்ளார். தாய்மண்ணில் கிடந்தாலன்றி மறுமையில் இன்பமில்லை எனச் சீனன் கருதுவதையும், வேலைக்கு அழைத்து வரப்படும்போதே இறந்தால் உடலைத் திருப்பி அனுப்ப வேண்டும் என நிபந்தனை செய்துகொள்வதையும் அவர் எழுதுகிறார். 1869-இல் அமெரிக்கக் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை நிறைவெய்தியது. அதன் மேற்குப் பகுதியை அமைத்தவர்களுள் பெரும்பாலோர் சீனத் தொழிலாளரே. மறு ஆண்டு ஜூன் மாதம், சாக்ரமென்டோ நாளேடு ஒன்று, அப்பாதை வழியே 20,000 பவுண்டு எடையுள்ள எலும்புகள் வந்தன என்றும், அவை ஏறத்தாழ 1,200 சீனருடையவை என்றும் எழுதிற்று. எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கு நிறுவனத்தின் முறையான பதிவேடு இல்லாத நிலையில், இறப்பின் அளவை உணர்த்தும் சான்றுகளுள் ஒன்றாக எலும்பின் எடையே நின்றுவிட்டது.

பெயரைக் காத்த செங்கல்

எலும்பை அனுப்புவதினும் கடினமானது அது யாருடையது என அறிவது. மரப்பலகையில் எழுதிய பெயர் மழையிலும் வெயிலிலும் அழிந்துவிடும். அதனால் சிலவிடங்களில் இறந்தவனின் பெயரையும் ஊரையும் செங்கல்லில் எழுதிப் பெட்டியோடு புதைத்தனர். குழியைத் தோண்டுபவர் முதலில் அச்செங்கல்லைத் தேடுவர். எலும்புகளைக் கழுவி உலர்த்தி, விடுபட்டது உண்டா எனப் பார்த்து, துணியிற் சுற்றிப் பெட்டியில் இடுவர். பெட்டியின் மேல் மாவட்டம், சிற்றூர், பெயர் ஆகியன எழுதப்படும். விலாசம் தவறினால் எலும்பு வேறொரு குடும்பத்தின் வாயிலைச் சென்றடையும், அன்னியனுக்குப் படையல் நடக்கும், உரியவன் பசித்திருப்பான். ஆகவே எழுத்தரின் பணி புரோகிதரின் பணிக்கு இணையான புனிதம் பெற்றது.

குறையற்ற அறமாக இதனைப் போற்றிவிடவும் இயலாது. பெண்களின் எலும்புகளும் குழந்தைகளின் எலும்புகளும் பெரும்பாலும் இவ்வேற்பாட்டுக்குள் வரவில்லை. சங்க உறுப்பினர்கள் ஆண்களே. மூதாதையர் வழிபாடும் ஆண்வழிப்பட்டதே. தோண்டப்பட்ட இடுகாடுகளில் தீண்டப்படாமல் எஞ்சிய குழிகள், வாழ்ந்த காலத்திலும் கணக்கில் வராதவர்களைக் காட்டிக் கொடுத்தன.

சட்டம் எழுப்பிய சுவர்

பிணத்தின் மீதும் வரி விதிக்கப்பட்ட வரலாறு இதனுள் அடங்கும். கலிஃபோர்னிய மாநிலம் 1878-இல், பொதுநலப் பாதுகாப்பின் பெயரால், புதைத்த உடலைத் தோண்டி அகற்றுவதற்கு உரிமச்சீட்டு வேண்டும் எனச் சட்டமியற்றியது. கட்டணம் 10 டாலர். சட்டத்தில் சீனர் என்ற சொல் இல்லை. ஆயினும், பெருமளவில் எலும்பெடுத்து அனுப்பியோர் சீனரே என்பதை அனைவரும் அறிவர். உரிமம் பெறாமல் உடலைத் தோண்டிய சீனர் ஒருவர் தண்டிக்கப்பட்டு, அவ்வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றது. 1880-இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் அறச்சபைகளின் செலவுக் கணக்கில் மேலும் ஓர் இனம் சேர்ந்தது.

சான் பிரான்சிஸ்கோ நகர இடுகாட்டில் சீனருக்கெனத் தனிப் பகுதிகள் இருந்தன. பின்னர் அவ்விடம் லிங்கன் பூங்காவாகி, கோல்ஃப் ஆடுகளமாயிற்று. சீனச் சங்கம் ஒன்று எழுப்பிய வழிபாட்டுக் கல்மண்டபம் புல்வெளியின் நடுவே எஞ்சி நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1877-இல் தோன்றிய எவர்கிரீன் இடுகாட்டை ஒட்டி ஏழைகளுக்கு இலவசமாக அமைந்த நிலத்தில், சீனரிடம் மட்டும் 10 டாலர் பெறப்பட்டது. 2005-இல் இரயில்பாதைப் பணிக்காக அந்நிலத்தைத் தோண்டியபோது, மறக்கப்பட்ட சீனக் கல்லறைகள் வெளிப்பட்டன. அனுப்பப்படாமல் எஞ்சிய அவ்வெலும்புகள் பின்னர் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

செத்த பின்னும் இம்மண்ணில் தங்க விரும்பாதவர்கள் எங்ஙனம் இந்நாட்டு மக்களாவர் என்பது சீனரை எதிர்த்தோரின் வாதம். அவ்வாதம் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது. 1870-இன் குடியுரிமைச் சட்டம் வெள்ளையர்க்கும் ஆப்பிரிக்க வழியினர்க்கும் மட்டுமே குடியுரிமை பெற வழிவிட்டது. 1882-இன் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் வரவையே தடுத்தது. மனைவி மக்களை அழைத்துவர வழியில்லாதவனுக்குக் கல்லறையைத் துப்புரவு செய்ய அங்கே யார் இருப்பர்? வாழ இடந்தராத மண்ணில் கிடக்க மறுத்தமை நன்றிகேடு அன்று; பெறவேண்டியதைப் பெறாதவனின் இயல்பான முடிவே ஆகும்.

ஹாங்காங்கின் இடைத்தங்கல்

அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் வந்த பெட்டிகள் ஹாங்காங்கில் இறங்கின. அங்கே அவற்றை ஏற்றவர்கள் துங் வா மருத்துவமனையினர். அம்மருத்துவமனையின் தோற்றமே புலம்பெயர்ந்தோரின் மரணத்தோடு பிணைந்தது. ஊரை விட்டு ஹாங்காங்கிற்கு வந்து மடிந்தோரின் பெயர்ப்பலகைகளை வைத்து வழிபட 1851-இல் ஒரு சிறு கோயில் கட்டப்பட்டது. நாளடைவில் கதியற்ற நோயாளிகள் சாவதற்கென்றே அங்குக் கொண்டுவந்து விடப்பட்டனர். பிணமும் உயிரும் அருகருகே கிடந்த அந்நிலை 1869-இல் வெளிப்பட்டுப் பெரும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அதன் விளைவாகச் சீன வணிகர்களின் பொருளுதவியோடும் அரசின் ஆதரவோடும் 1870-இல் துங் வா மருத்துவமனை நிறுவப்பட்டு, 1872-இல் திறக்கப்பட்டது.

ஊருக்குச் செல்லும்வரை பெட்டிகளைக் காத்து வைக்க 1875-இல் ஓர் இல்லம் ஏற்பட்டது. 1899-இல் அது சாண்டி விரிகுடாப் பகுதிக்கு மாற்றப்பட்டு, துங் வா சவப்பெட்டி இல்லம் எனப் பெயர் பெற்றது. செல்வர்களின் பெட்டிகள் வாடகை அறைகளில் இருந்தன. ஏழைகளின் எலும்புப் பெட்டிகள் பொதுக்கூடத்தில் அடுக்கப்பட்டன. அங்கிருந்து மாவட்ட வாரியாகப் பிரித்து, ஊர்ச் சங்கங்களுக்கும் அறச்சபைகளுக்கும் செய்தி அனுப்பி, உறவினரை வரவழைத்து ஒப்படைப்பர். அடக்கச் செலவிற்கென ஏழைக் குடும்பங்களுக்குச் சிறு தொகை வழங்குவதும் உண்டு. எவரும் உரிமை கோராத எலும்புகள் அறக்கல்லறைகளில் இடப்பட்டன. சொந்த வீட்டை எட்டாவிடினும் சொந்த மாநிலத்தையேனும் எட்டியது அவற்றுக்குக் கிடைத்த ஆறுதல்.

இத்துணை பெரிய பணியில் நம்பிக்கை எவ்வாறு காக்கப்பட்டது? விடை, அச்சிட்ட கணக்கில் இருக்கிறது. செங்சின்லு எனப்படும் கணக்குப் புத்தகங்களைத் துங் வா நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்டது. அயல்நாட்டு அறச்சபைகளும் அவ்வழக்கைப் பின்பற்றின. சொல்லின் பொருள், நம்பிக்கைக்குச் சான்றான பதிவு என்பதாகும். கொடுத்தவர் பெயர், கொடுத்த தொகை, தோண்டியோர் கூலி, பெட்டி விலை, கப்பல் கட்டணம் ஆகியவை அதில் இடம்பெற்றன. பல்லாயிரம் மைல் அப்பால் சுரங்கத்தில் உழைத்தவன், தான் கொடுத்த காசு ஏட்டில் ஏறியதைக் காணலாம். இறந்தவனால் கணக்குக் கேட்க முடியாது. அதனாலேயே இருப்பவர் அனைவரும் காணும்படி கணக்கு அச்சேறியது. வரலாற்றாசிரியர் எலிசபெத் சின் 2013-இல் வெளியிட்ட பசிபிக் கடப்பு பற்றிய நூலில், ஹாங்காங்கை இடைப்பட்ட ஊராகக் காட்டி, எலும்புகளின் போக்குவரத்து அந்நகரை உலகச் சீனரோடு பிணைத்ததை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

வென்ட்னர் கப்பல்

இவ்வேற்பாட்டின் பெருமையையும் துயரத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி நியூசிலாந்தில் நேர்ந்தது. ஓட்டாகோப் பொன்வயல்களுக்கு 1860-களின் நடுவே சீனர் வரத் தொடங்கினர். 1881-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 5,000 சீனர் இருந்தனர். அவ்வாண்டே தலைக்கு 10 பவுன் வரி விதிக்கப்பட்டது. 1896-இல் அது 100 பவுனாக உயர்ந்தது. உயிரோடு நுழைய வரி செலுத்தியவர்கள், உயிர் நீத்து வெளியேறுவதற்கும் பொருள் சேர்க்க வேண்டியவராயினர்.

டனீடின் நகரின் புகழ்பெற்ற சீன வணிகர் சோய் சியூ ஹோய். பொன்னகழ்விலும் முதலீடு செய்து முன்னோடியாய் விளங்கியவர். பான்யூ மாவட்டத்தவரான அவர், தம் மாவட்டத்தாரின் சியோங் சிங் தொங் என்னும் அறச்சபைக்குத் தலைமை தாங்கினார். வணிகரும் சுரங்கத் தொழிலாளரும் அளித்த சந்தாக்களால் அச்சபை இயங்கியது. 1883-இல் அச்சபை 230 பேரின் எச்சங்களை ஹோய்ஹவ் என்னும் கப்பலில் அனுப்பி வைத்தது. அடுத்த பெரும் அனுப்புகைக்கு ஏற்பாடுகள் நடந்த காலத்தில், 1901-இல், சோய் சியூ ஹோய் மறைந்தார். எவருக்காகத் திட்டமிட்டாரோ அவர்களோடு அவர் உடலும் பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

நாட்டின் ஏறத்தாழ 40 இடுகாடுகளில் அரசின் இசைவோடு குழிகள் திறக்கப்பட்டன. அழியாத உடல்கள் துத்தநாகத் தகடு பொருத்திய பெட்டிகளிலும், எலும்புகள் சிறு மரப்பெட்டிகளிலும் வைக்கப்பட்டன. மொத்தம் 499 பேர். பெரும்பாலோர் பான்யூ மாவட்டத்தார். வென்ட்னர் என்னும் நீராவிக் கப்பல் இதற்கென அமர்த்தப்பட்டது. ஹாங்காங்கிற்குச் செல்லும் நிலக்கரியும் அதில் இருந்தது. பெட்டிகளுக்குத் துணையாக முதிய சீனர் சிலர் ஏறினர். கட்டணமின்றி ஊர் திரும்பும் வாய்ப்பு அவர்களுக்கு இவ்வாறு கிட்டியது. இறந்தோர்க்காகச் சேர்த்த நிதியில் வறிய முதியவர் சிலர் உயிரோடு ஊர் காணவும் வழி ஏற்பட்டது.

1902 அக்டோபர் 26-ஆம் நாள் வென்ட்னர் வெலிங்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. மறுநாள் விடியுமுன் தாரனாக்கிக் கரையில் எக்மண்ட் முனைக்கு அருகே பாறையில் மோதியது. கப்பல்தலைவர் வெலிங்டனுக்குத் திரும்பாமல், வடமுனையைச் சுற்றி ஆக்லாந்தை அடைய எண்ணிக் கப்பலை வடக்கே செலுத்தினார். நீர் உட்புகுந்தது. அக்டோபர் 28-ஆம் நாள் இரவு ஹோக்கியாங்கா கழிமுகத்துக்கு அப்பால் கப்பல் மூழ்கியது. பதின்மூவர் மாண்டனர். கப்பல்தலைவரும், துணைக்குச் சென்ற முதியோருள் சிலரும் அவர்களுள் அடங்குவர். 499 பேர் இரண்டாம் முறை இறந்தனர் எனலாம்; இம்முறை கல்லறையும் இல்லை.

அறச்சபை சிறு கப்பலொன்றை அமர்த்தித் தேடச் செய்தது, பயனில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் எழுதி, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்து, உரிமம் பெற்று, துணையாள் அமர்த்தி, இருபதாண்டு அனுபவத்தோடு செய்த திட்டம் அது. மனிதர் எண்ணிப் பார்க்கக்கூடிய அனைத்தையும் எண்ணியிருந்தனர். அதன்பின் நியூசிலாந்திலிருந்து இத்தகைய பேரனுப்புகை நிகழவில்லை.

அன்னியர் செய்த இறுதிக்கடன்

ஆயினும் அக்கதை கடலோடு முடியவில்லை. வாரங்களும் மாதங்களும் செல்லச்செல்ல, ஹோக்கியாங்காவுக்கு வடக்கிலும் தெற்கிலும் கரையோரத்தில் எலும்புகள் ஒதுங்கின. அப்பகுதி மாவோரி மக்களின் தே ராரவா, தே ரோரோவா குலங்களுக்குரியது. யாருடைய எலும்பு, எந்நாட்டவர் என்று அவர்கள் அறியார். எனினும் மூதாதையரின் எலும்பைப் புனிதமாகப் போற்றும் பண்பு அவர்களிடமும் வேரூன்றியது. எடுத்துத் தம் நிலத்தில், தம் முன்னோர் துயிலுமிடத்துக்கு அருகே அடக்கம் செய்தனர். அச்செய்தி எழுத்தில் ஏறாமல், தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வாழ்ந்தது.

ஏறத்தாழ நூறாண்டு கடந்த பின்னரே நியூசிலாந்துச் சீனரின் வழித்தோன்றல்கள் இதனை அறியலாயினர். 2013-இல் அவர்கள் வடபுலம் சென்று, தம் முன்னோரைக் காத்த மாவோரி மக்களுக்கு நன்றி கூறினர். கடலடியில் கிடந்த வென்ட்னரின் சிதைவு அக்காலத்தில் கண்டறியப்பட்டு, 2014-இல் உறுதி செய்யப்பட்டது. 2021 ஏப்ரலில் ஹோக்கியாங்கா கரையில் உள்ள ஓபோனோனியில் நினைவுச்சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. அது சிங் மிங் வழிபாடு நிகழும் மாதம் என்பது குறிப்பிடத்தக்கது.

பொருள் கொடுத்து ஏற்பாடு செய்த அடக்கம் நிகழவில்லை. பொருள் பெறாதவர் செய்த அடக்கம் நிகழ்ந்தது. இதனால் அறச்சபையின் உழைப்பு வீணாயிற்று எனக் கூறுதல் பொருந்தாது. அவ்வெலும்புகள் பேணத்தக்கவை என்று முதலில் கருதியவர்கள் அவற்றுக்காகச் சந்தா செலுத்திய ஏழைத் தொழிலாளரே. அவர்கள் தொடங்கிய கடமையை மொழியறியா மக்கள் நிறைவு செய்தனர்.

வழி அடைபட்ட காலம்

எலும்புகளின் பாதை சிறிது சிறிதாக அடைபட்டது. 1937-இல் ஜப்பானியர் சீனத்தின்மீது தொடுத்த போர் கப்பற் போக்குவரத்தைக் குலைத்தது. 1949-இல் சீனத்தில் பொதுவுடைமை ஆட்சி அமைந்தபின் எல்லைகள் இறுகின. மூதாதையர் வழிபாடும் புதிய ஆட்சியால் போற்றப்படவில்லை. ஊருக்குச் செல்லவேண்டிய ஆயிரக்கணக்கான பெட்டிகள் துங் வா இல்லத்திலேயே தேங்கின. இடைத்தங்கலாக அமைந்த இடம் பலருக்கு இறுதித் தங்கலாயிற்று. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் அவ்வில்லம் பழைமை கெடாமல் புதுப்பிக்கப்பட்டு, 2005-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்றது.

இதே காலத்தில் புகலிட நாடுகளின் சட்டங்களும் மாறத் தொடங்கின. அமெரிக்கா 1943-இல் விலக்குச் சட்டத்தை நீக்கியது. நியூசிலாந்து 1944-இல் தலைவரியை ஒழித்தது. 2002-இல் அவ்வரிக்காக அந்நாட்டுப் பிரதமர் ஹெலன் கிளார்க் சீனச் சமூகத்திடம் மன்னிப்புக் கோரினார். குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன; பிள்ளைகள் பிறந்தனர். படையலிடும் கை அருகில் இருக்கும்போது எலும்பு ஏன் கடல் கடக்க வேண்டும்? எலும்பெடுத்து அனுப்பப் பயன்பட்ட நிதி, புதிய நாட்டில் கல்லறை நிலம் வாங்கப் பயன்படலாயிற்று. ஒருவன் எந்நாட்டான் என்பதைக் குடியுரிமைச் சீட்டு கூறும். அதனினும் உறுதியாக அவன் தந்தையின் கல்லறை கூறும்.

கேள்வி மட்டும் மறையவில்லை. இன்று எலும்புக்கு மாறாக உடலே வானூர்தியில் செல்கிறது. செங்கல்லின் இடத்தில் தூதரகச் சான்றிதழும், அறச்சபையின் இடத்தில் காப்பீடும் நிற்கின்றன. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் செல்லும் இந்தியர்க்கென 2003-இல் கட்டாயக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. கதியற்றுக் கிடக்கும் உடலை ஊருக்கு அனுப்பும் செலவையும் ஏற்கும் வகையில் 2009-இல் இந்தியத் தூதரகங்களில் சமூக நல நிதி ஏற்பட்டது. அந்நிதி தூதரகப் பணிகளுக்கான சிறு கட்டணங்களிலிருந்தே பெரிதும் சேர்கிறது. சான் பிரான்சிஸ்கோ சங்கத்தாரின் புறப்பாட்டுக் கட்டணத்தை இது நினைவூட்டும். பிழைத்திருப்பவர் பலரின் சிறு தொகையே இறந்தவன் ஒருவனின் பெருஞ்செலவைத் தாங்குகிறது என்னும் உண்மை மாறவில்லை.

ஈமச் செலவைப் பற்றிப் பேசுதல் அமங்கலம் எனக் கருதுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. பேசத் துணிந்த எளிய மக்கள் அதனை ஏட்டில் எழுதினர், கட்டணம் வகுத்தனர், கணக்கை அச்சிட்டனர். கூலிக்கு வந்தவனும் பெயருடையவன், ஊருடையவன் என்பதை அவன் இறந்த பின்னும் நிலைநாட்டினர். பொன் தேடிச் சென்றவர்களுள் பலர் பொன் கொண்டு திரும்பவில்லை. ஆயினும், திரும்ப முடியாதவனை விட்டுவிடலாகாது என்னும் உறுதியை அவர்கள் விட்டுச் சென்றனர். அவ்வுறுதியே அவர்கள் அகழ்ந்தெடுத்த பொன் எனின் மிகையாகாது.